அமெரிக்க இலக்கிய இறுதித் தேர்வுக்குத் தயாராவது எப்படி: பதினோராம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பின் ஆங்கிலப் பாடம் பெரும்பாலும் அமெரிக்க இலக்கியமாகவே அமைகிறது. பெற்றோரின் வேலை காரணமாகத் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து நேராக அந்த வகுப்பில் சேரும் மாணவர்களுக்குக் கணிதமும் வேதியியலும் ஓரளவு பழகிய பாடங்களாகவே இருக்கும். ஆனால் 1620இல் இங்கிலாந்திலிருந்து பிளிமத்தில் வந்திறங்கிய குடியேறிகளின் குறிப்புகளில் தொடங்கி, அடிமை முறையிலிருந்து தப்பியவர்களின் தன்வரலாறுகள் வழியாக, இருபதாம் நூற்றாண்டின் நாடகங்கள் வரை ஒரே ஆண்டில் கடந்துவிடும் இந்தப் பாடம் அவர்களைத் திணறச் செய்கிறது. ஆண்டு முழுவதும் நன்றாக வாசித்த மாணவர்கள்கூட இறுதித் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் கிடைக்காமல் வருந்துவதுண்டு. அவர்கள் படிக்காமல் போனதால் அப்படி நடப்பதில்லை. தேர்வு கேட்பது ஒன்றாகவும் அவர்கள் தயார் செய்தது வேறொன்றாகவும் இருந்ததே காரணம்.

கதையில் என்ன நடந்தது என்று தெரிந்திருப்பதை இந்தத் தேர்வு வெறும் தொடக்கமாகவே கருதுகிறது. நீங்கள் ஒரு கருத்தைச் சொன்னால், "எந்த வரியைக் கொண்டு அப்படிச் சொல்கிறாய்?" என்பதே ஆசிரியரின் அடுத்த கேள்வியாக இருக்கும். கதைச்சுருக்கத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் அது பாதி மதிப்பெண்ணைத் தாண்டுவது கடினம். பொதுத் தேர்வுக்காக விடைகளை மனப்பாடம் செய்து பழகிய மாணவர்கள் இந்த வேறுபாட்டை முதல் நாளிலேயே மனத்தில் பதித்துக்கொண்டால், கீழே சொல்லப்படும் முறைகள் அனைத்தும் எளிதாகப் பிடிபடும்.

தாளின் அமைப்பைக் கேட்டறிதல்

நாடு முழுவதற்கும் பொதுவான பாடத்திட்டம் என ஒன்று இங்கே இல்லை. எந்த நாவல், எந்த நாடகம் என்பதைப் பள்ளி மாவட்டமும் ஆசிரியரும் முடிவு செய்கிறார்கள். பெரும்பாலான பள்ளிகளில் இறுதித் தேர்வுத் தாளையும் ஆசிரியரோ அந்தத் துறையோதான் தயாரிக்கிறது. ஜார்ஜியா போன்ற சில மாநிலங்களில் மட்டும் அமெரிக்க இலக்கியத்துக்கென மாநில அளவிலான தேர்வு நடத்தப்படுகிறது. ஆகவே பக்கத்து ஊர்ப் பள்ளியில் படிக்கும் உறவினரின் குறிப்பேட்டை வாங்கிப் படிப்பதால் பெரிய பயன் இருக்காது. உங்கள் ஆசிரியர் ஆண்டின் தொடக்கத்தில் கொடுத்த பாடவிவரத் தாளையும், கூகுள் கிளாஸ்ரூம், கேன்வாஸ் போன்ற இணைய வகுப்புத் தளத்தில் அவர் ஏற்றியிருக்கும் 'ஸ்டடி கைடு' தாளையும் முதலில் எடுத்து வையுங்கள்.

தேர்வுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பாகவே ஆசிரியரைப் பார்த்துச் சில விவரங்களைக் கேட்டுவிடுவது நல்லது. பலவுள் தெரிவு வினாக்கள் எத்தனை பங்கு, கட்டுரை எத்தனை பங்கு? வகுப்பில் படிக்காத புதிய பத்தி ஒன்றைக் கொடுத்து விளக்கச் சொல்வார்களா? எழுதியவர் பெயரோ நூற்பெயரோ இல்லாமல் ஒரு பத்தியைத் தந்து அது யாருடையது என்று அடையாளம் காணச் சொல்வார்களா? கட்டுரை எழுதும்போது நூலையோ ஒரு பக்கக் குறிப்பையோ வைத்துக்கொள்ளலாமா? முந்தைய கட்டுரைகளைத் திருத்தப் பயன்படுத்திய மதிப்பீட்டு அளவுகோலே, அதாவது ரூப்ரிக்கே, இப்போதும் பயன்படுமா? ஆசிரியரிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். இங்குள்ள ஆசிரியர்கள் இதை அக்கறையின் அடையாளமாகவே எடுத்துக்கொள்வார்கள்; பள்ளி முடிந்த பிறகு மாணவர்களைச் சந்திக்கவென்றே பலர் தனி நேரம் ஒதுக்கியிருப்பார்கள்.

ஆங்கிலம் கற்போர் பிரிவில் உங்கள் பெயர் பதிவாகியிருந்தால், கூடுதல் நேரமும் சொல்லுக்குச் சொல் பொருள் தரும் இருமொழி அகராதியும் பல இடங்களில் அனுமதிக்கப்படுகின்றன. அவை உங்களுக்கு உண்டா என்பதை ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் இ.எஸ்.எல். ஆசிரியரிடமோ, கவுன்சிலர் எனப்படும் பள்ளி ஆலோசகரிடமோ முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். தேர்வன்று காலையில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

நூல்களைக் காலத்தோடு இணைத்தல்

அடுத்து, ஆண்டு முழுவதும் வாசித்த எல்லாவற்றையும், சிறு கவிதைகளையும் விடாமல், ஒரே தாளில் கால வரிசைப்படி எழுதுங்கள். ஆண்டுகளை ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்த நூல் எந்தப் போருக்கு முன், எந்த நிகழ்வுக்குப் பின் என்பது தெரிந்திருந்தால் போதும். ஒவ்வொரு காலத்தின் எழுத்தும் தனக்கு முந்தைய காலத்துக்குச் சொல்லும் பதில் என்று புரிந்துகொண்டால் இந்த வரிசை தானாகவே நினைவில் நிற்கும்.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து குடியேறிய கண்டிப்பான கிறித்தவப் பிரிவினரான பியூரிட்டன்கள் மனிதனைப் பிறவியிலேயே பாவம் சுமந்தவனாகவும், அவனுடைய மீட்பு முழுக்க முழுக்க இறைவனின் அருளைச் சார்ந்ததாகவும் கண்டார்கள். 1741இல் கனெடிகட்டின் என்ஃபீல்டில் ஜோனதன் எட்வர்ட்ஸ் ஆற்றிய புகழ்பெற்ற பிரசங்கத்தில், நெருப்பின் மேல் பிடிக்கப்பட்ட சிலந்தியைப் போல மனிதன் இறைவனின் கையில் தொங்குகிறான். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் தாமஸ் பெயினும் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் எழுதியவற்றைப் படித்தால், பகுத்தறிவால் தன்னையும் தன் அரசையும் திருத்திக்கொள்ளக்கூடியவனாக மனிதன் மாறிவிட்டதைக் காணலாம். 1776இன் விடுதலைப் பிரகடனத்தை அரசியல் ஆவணமாக மட்டும் படிக்காமல், ஒரு வாதம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதற்குச் சான்றாகப் படியுங்கள். முதலில் பொது உண்மைகள், பிறகு மன்னர்மீதான குற்றச்சாட்டுகளின் நீண்ட பட்டியல், இறுதியில் முடிவு என்ற அதன் வரிசையைக் கவனித்தாலே, வாதத்திறன் பற்றிய கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதி பகுத்தறிவு மட்டும் போதாது என்று சொல்லிக் கற்பனைக்கும் உணர்ச்சிக்கும் இயற்கைக்கும் திரும்பியது. இங்கே புதியவர்கள் பெரும்பாலும் குழம்பும் ஓர் இடம் உண்டு. எமர்சனும் தோரோவும் ஒரு பக்கம். போ, ஹாதோர்ன், மெல்வில் மறுபக்கம். இரு அணியினரும் ரொமான்டிக் காலத்தவர்களே. முதல் அணி மனித மனத்தின் உள்ளே தெய்வீகத்தைக் கண்டது; இரண்டாம் அணி அதே மனத்தின் உள்ளே குற்ற உணர்வையும் வெறியையும் இருளையும் கண்டது. 1850இல் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலை வெளியிட்ட ஹாதோர்னின் முன்னோர்களுள் ஒருவர் 1692இல் மாசசூசெட்ஸின் சேலம் என்ற ஊரில் நடந்த சூனிய வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர் என்பதை அறிந்தால், அந்நாவல் ஏன் பியூரிட்டன் காலத்துக்குத் திரும்பிப் போகிறது என்பது விளங்கும். பல பள்ளிகளில் பாடமாக வைக்கப்படும் ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகமும் அதே சேலம் வழக்குகளைத்தான் காட்டுகிறது. ஆனால் 1953இல் அரங்கேறிய அது, கம்யூனிஸ்டுகள் என்ற ஐயத்தின் பேரில் பலர் விசாரிக்கப்பட்டுப் பெயர்களைக் காட்டிக்கொடுக்கும்படி நெருக்கப்பட்ட நாட்களில் எழுதப்பட்டது. கதை நிகழும் காலம் வேறு, நூல் எழுதப்பட்ட காலம் வேறு என்பதை இந்த இரண்டு நூல்களைக் கொண்டே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தேர்வில் இதைக் குறித்து ஒரு வினாவாவது வருவதற்கு வாய்ப்பு மிகுதி.

தோரோவைப் படிக்கும்போது நம் மாணவர்களுக்கு ஒரு சிறு அனுகூலம் இருக்கிறது. 'வால்டன்' நூலில் அவர் பகவத் கீதையைப் பற்றிப் பேசுகிறார். தாம் அருகில் வாழ்ந்த வால்டன் குளத்தின் நீர் கங்கை நீரோடு கலப்பதாகவே ஓரிடத்தில் எழுதுகிறார். 1849இல் வெளியான அவருடைய ஒத்துழையாமைக் கட்டுரை காந்தியடிகளுக்கும் பின்னர் மார்ட்டின் லூதர் கிங்குக்கும் ஊக்கம் அளித்தது. வகுப்பில் யாரும் சொல்லாத இந்தத் தொடர்பைக் கட்டுரையில் பொருத்தமான இடத்தில் ஓரிரு வரிகளில் சொல்லலாம்; அதற்கு மேல் நீட்டினால் வினாவை விட்டு விலகிவிடும்.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் இந்த இலக்கியத்தை இரண்டாகப் பிளக்கிறது. அதற்கு முன்பே, 1845இல், ஃபிரடெரிக் டக்ளஸ் அடிமை வாழ்வைத் தாமே எழுதி, எழுத்தறிவுக்கும் விடுதலைக்கும் உள்ள உறவைக் காட்டியிருந்தார். போருக்குப் பின் வந்தவர்கள் கனவுகளை விட்டுவிட்டு வாழ்க்கையை உள்ளபடி எழுத முயன்றார்கள். மார்க் ட்வெய்ன் ஹக் ஃபின் என்ற சிறுவனின் பேச்சுமொழியிலேயே ஒரு நாவல் முழுவதையும் சொன்னது அந்த முயற்சியின் உச்சம். அதற்கும் ஒரு படி மேலே போய், சூழலும் இயற்கையும் மனிதனை நசுக்கும் சக்திகள் என்று காட்டியவர்கள் நேச்சுரலிஸ்டுகள். ஜாக் லண்டனின் 'டு பில்ட் எ ஃபயர்' கதையில் யூக்கான் பனியில் நடக்கும் மனிதனுக்குப் பெயர்கூடக் கிடையாது. உடன் வரும் நாய்க்கு இருக்கும் உள்ளுணர்வு அவனுக்கு இல்லை. பெயர் இல்லாததே அந்தக் கதையின் கருத்துக்குச் சான்று என்று எழுதினால் நீங்கள் சரியான தடத்தில் இருக்கிறீர்கள்.

பழைய வடிவங்களை உடைத்துப் புதியவற்றைத் தேடிய, முதல் உலகப் போருக்குப் பிந்தைய மாடர்னிசத்தையும், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின எழுத்தாளர்களும் கலைஞர்களும் உருவாக்கிய 1920களின் ஹார்லெம் மறுமலர்ச்சியையும் ஒன்றின் கிளையாக மற்றொன்றைக் கருதாமல், ஒரே காலத்தில் நிகழ்ந்த இரண்டு பெரிய அசைவுகளாக எழுதிக்கொள்ளுங்கள். லாங்ஸ்டன் ஹியூஸ் 1951இல் வெளியிட்ட 'ஹார்லெம்' என்ற சிறு கவிதை, தள்ளிப்போடப்பட்ட கனவு என்ன ஆகும் என்று கேட்டு, வெயிலில் காயும் உலர்திராட்சையை முதல் விடையாக வைக்கிறது. 1959இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் அரங்கேறிய லோரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்தின் பெயர் அந்த வரியிலிருந்தே வந்தது. இரண்டும் உங்கள் பாடத்தில் இருந்தால் ஒப்பீட்டு வினாவுக்கு இதைவிட நல்ல இணை கிடைக்காது.

ஒரு படைப்பை எப்படித் திரும்ப வாசிப்பது

எல்லா நூல்களையும் முதலிலிருந்து கடைசிவரை மீண்டும் வாசிக்க நேரம் இருக்காது, வாசிக்கவும் வேண்டாம். நாவலுக்கும் நாடகத்துக்கும் முதல் அத்தியாயம், திருப்பம் நிகழும் இடம், கடைசி சில பக்கங்கள், வகுப்பில் ஆசிரியர் நிறுத்திப் பேசிய பகுதிகள் ஆகியவற்றை மட்டும் மெதுவாக வாசியுங்கள். சிறுகதைகளையும் கவிதைகளையும் மட்டும் முழுமையாகத் திரும்பப் படித்தே ஆக வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கதைச்சுருக்கங்கள் நிகழ்ச்சிகளை நினைவூட்டும். சொற்களை அவை தருவதில்லை. தேர்வு கேட்பதோ சொற்களைத்தான்.

கேட் ஷோபின் 1894இல் வெளியிட்ட 'தி ஸ்டோரி ஆஃப் ஆன் அவர்' சில பக்கங்களே கொண்ட கதை. இதயக் கோளாறு உடைய திருமதி மல்லார்டிடம், அவருடைய கணவர் ரயில் விபத்தில் இறந்துவிட்டதாக மெல்ல எடுத்துச் சொல்கிறார்கள். அவர் அழுதுவிட்டுத் தனியே அறைக்குள் போய், திறந்த ஜன்னலின் எதிரே அமர்கிறார். சிறிது நேரத்தில், தாம் இனி விடுதலை பெற்றவர் என்ற எண்ணம் அவரை ஆட்கொள்கிறது. அவர் படியிறங்கி வரும்போது, விபத்து நடந்த இடத்துக்கே போயிராத கணவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார். மனைவி விழுந்து இறக்கிறார். கொல்லும் மகிழ்ச்சியால் இறந்ததாக மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இவ்வளவு மட்டும் எழுதினால் அது கதைச்சுருக்கம். இப்போது ஜன்னல் பத்திக்குத் திரும்புங்கள். கணவர் இறந்த செய்தி வந்த வேளையில் ஆசிரியர் ஜன்னலுக்கு வெளியே எவற்றைக் காட்டுகிறார்? வசந்தத்தில் புத்துயிர் பெற்று நடுங்கும் மர உச்சிகள், காற்றில் மழையின் மணம், தெருவில் கூவி விற்பவரின் குரல், எங்கோ யாரோ பாடும் பாட்டு, கூரையோரத்துக் குருவிகள், மேகங்களுக்கிடையே நீலத் திட்டுகள். சாவுச் செய்திக்குப் பொருந்தும் ஒரு விவரம்கூட அங்கே இல்லை. பாத்திரம் 'விடுதலை' என்ற சொல்லை முணுமுணுப்பதற்கு முன்பே கதையின் சூழல் அதைச் சொல்லிவிட்டது. இதைக் கண்டு, இரண்டு விவரங்களை மேற்கோளாகக் காட்டி, அவற்றின் பொருளை ஒரு வாக்கியத்தில் சொல்வதே தேர்வு எதிர்பார்க்கும் விடை. மருத்துவர்களின் கடைசிக் கூற்றில் இருக்கும் முரண்நகையும் இப்போது எளிதாகும். அவர்கள் அறியாத ஒன்று வாசகருக்குத் தெரியும். திருமதி மல்லார்டைக் கொன்றது மகிழ்ச்சி வந்ததா, கிடைத்த மகிழ்ச்சி பறிபோனதா என்பதை வாசகர்தாம் அறிவார்.

ஒவ்வொரு படைப்புக்கும் இப்படி ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள். அதில் ஆசிரியர், காலம், கதையைச் சொல்பவர் யார், முக்கிய முரண் எது என்பவை இரண்டு மூன்று வரிகளுக்குள் முடியட்டும். மீதிப் பக்கம் முழுவதும் நான்கைந்து குறுகிய மேற்கோள்களுக்கும், ஒவ்வொன்றின் அருகிலும் உங்கள் சொந்த ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வாக்கிய விளக்கத்துக்கும் உரியது. கருப்பொருளை ஒற்றைச் சொல்லாக எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். 'விடுதலை' என்பது தலைப்பு மட்டுமே. 'அன்பான மண வாழ்க்கைகூட ஒருவருடைய தன்னுரிமையை அழுத்தக்கூடும்' என்று முழு வாக்கியமாக எழுதும்போதுதான் அது இந்த வகுப்பில் கருப்பொருளாக ஏற்கப்படும்.

நூலின் புகழை நம்பாமல் நூலையே நம்புங்கள் என்பதற்கு ராபர்ட் ஃப்ராஸ்டின் 'தி ரோட் நாட் டேக்கன்' நல்ல சான்று. துணிந்து தனி வழி போனவனின் பெருமிதம் என்றே பலரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் இரண்டு பாதைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேய்ந்திருந்தன என்று கவிதையின் நடுவிலேயே சொல்லப்படுகிறது. அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்பது, பின்னொரு காலத்தில் பெருமூச்சோடு தான் சொல்லப்போவதாகப் பேசுபவர் முன்கூட்டியே சொல்லும் கூற்று. பலவுள் தெரிவு வினாவில் புகழ்பெற்ற பொருளும் கவிதையில் உள்ள பொருளும் அடுத்தடுத்த விடைகளாக நின்றால், வரியைப் பார்த்த மாணவரே சரியானதைக் குறிப்பார்.

எழுதியவர் யார் என்று கண்டுபிடித்தல்

பெயரில்லாப் பத்தியை அடையாளம் காணும் பகுதி பலருக்கு அச்சம் தருகிறது. பாத்திரங்களின் பெயர் தெரிந்தால் சிக்கல் இல்லை. தெரியாவிட்டால் நடையைப் பாருங்கள். நீண்டு ஓடும் வரிகள், எதுகையோ சீரான சந்தமோ இல்லாமை, ஒரே சொல்லில் தொடங்கும் அடுக்கு வரிகள், மக்களையும் தொழில்களையும் அடுக்கும் பட்டியல்கள் ஆகியவை இருந்தால் பெரும்பாலும் வால்ட் விட்மன். மிகச் சுருக்கமான நாலடிப் பகுதிகள், வரியின் நடுவிலும் முடிவிலும் கோடுகள், இடையிடையே பெரிய எழுத்தில் தொடங்கும் பொதுப்பெயர்கள், முழுதாகப் பொருந்தாத இயைபு ஆகியவை இருந்தால் எமிலி டிக்கின்சன். அவருடைய பல கவிதைகள் தேவாலயப் பாடல்களின் சந்தத்தில் அமைந்தவை. எட்டும் ஆறுமாக மாறிவரும் அசைகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் அது புலப்படும்.

தான் பைத்தியமல்ல என்று நம்மை நம்பவைக்கத் துடிக்கும் கதைசொல்லி வந்தால் எட்கர் ஆலன் போவை நினையுங்கள். குறுகிய வாக்கியங்கள், அடைமொழிகள் குறைந்த உரையாடல், பேசப்படும் முக்கியமான செய்தியையே யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடாத அமைதி ஆகியவை ஹெமிங்வேயைக் காட்டும். ஒவ்வோர் எழுத்தாளரிடமிருந்தும் ஒரு பத்தியை நகலெடுத்து, பெயர்களை மறைத்து, நண்பர்களோடு மாற்றி மாற்றிக் கேட்டுப் பழகினால் இந்தப் பகுதி மிக விரைவில் வசப்படும். விடையைச் சொல்வதோடு நிறுத்தாமல், எந்த இரண்டு அடையாளங்களால் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் சொல்லிப் பழகுங்கள்.

பின்னணி தெரியாமல் தடுமாறும் இடங்கள்

அமெரிக்க எழுத்தாளர்கள் விவிலியத்தை அடிக்கடி குறிப்பால் உணர்த்துகிறார்கள். வாசகருக்கு அது தெரியும் என்று கருதி விளக்கமின்றிக் கடந்துவிடுகிறார்கள். ஏதேன் தோட்டம், காயீன் ஆபேல், எகிப்திலிருந்து வெளியேறிய மக்கள், ஊதாரி மைந்தன் ஆகிய கதைகளை அறியாதவர்கள் அவற்றைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டெயின்பெக் 1939இல் வெளியிட்ட நாவலின் தலைப்பில் வரும் கோபத்தின் திராட்சைகள் உள்நாட்டுப் போர்க் காலப் பாடல் ஒன்றின் வழியாக விவிலியத்தின் கடைசி நூலிலிருந்து வந்தவை. ஹாதோர்ன் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாயகியின் மகளுக்கு 'பேர்ல்' என்று பெயரிட்டதும் இயேசு சொன்ன விலைமதிப்பற்ற முத்தின் உவமையை நினைவூட்டுவது. இத்தகைய குறிப்புகளை அந்தந்த ஒரு பக்கத் தாளிலேயே எழுதி வையுங்கள்.

பேச்சுவழக்கில் எழுதப்பட்ட பகுதிகளைக் கண்ணால் மட்டும் வாசித்தால் புரியாது. ஹக் ஃபின் நாவலையும் ஸோரா நீல் ஹர்ஸ்டனின் உரையாடல்களையும் ஒலிநூலாகக் கேட்டுக்கொண்டே பக்கத்தைப் பின்தொடருங்கள். பழைய நூல்களின் இலவச ஒலிப்பதிவுகள் லிப்ரிவாக்ஸில் உள்ளன. எழுத்து வடிவம் புராஜெக்ட் குட்டன்பர்க்கில் கிடைக்கிறது. புதிய நூல்களின் ஒலிநூல்களை உள்ளூர்ப் பொது நூலக அட்டையைக் கொண்டு லிப்பி செயலியில் இரவல் பெற முயலலாம். ட்வெய்ன் நாவலில் கறுப்பின மக்களைக் குறித்து வரும் இழிசொல்லை எக்காரணம் கொண்டும் உங்கள் விடையில் எழுதாதீர்கள். அந்த வரியை மேற்கோளாகத் தரவேண்டியிருந்தால் அச்சொல்லை விட்டுவிட்டு எழுதுங்கள். அச்சொல் அந்தக் காலத்தின் கொடுமையைக் காட்டுகிறது என்பதையும், அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஜிம்மைக் காட்டிக்கொடுக்க மறுத்து நரகத்துக்குப் போகவும் ஹக் துணியும் இடமே நாவலின் நெஞ்சம் என்பதையும் புரிந்துகொண்டால் இந்நாவலைப் பற்றிய பெரும்பாலான வினாக்களுக்கு விடை எழுதலாம்.

இலக்கியக் கலைச்சொற்களைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஆசிரியர் கொடுத்த பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறையோடு நிறுத்தாமல், நீங்கள் படித்த படைப்பிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டையும் எழுதிக்கொண்டால் போதும். சிம்பலும் (குறியீடு) மோட்டிஃபும் (திரும்பத் திரும்ப வரும் கூறு), டோனும் (எழுதுபவரின் தொனி) மூடும் (வாசகரிடம் எழும் மனநிலை), மூவகை ஐரனியும் (முரண்நகை) ஒன்றோடொன்று குழம்புபவை. இவற்றை மட்டும் இணை இணையாக வைத்துப் படியுங்கள்.

கட்டுரைப் பகுதி

மதிப்பெண்ணை உயர்த்துவதும் தாழ்த்துவதும் பெரும்பாலும் இந்தப் பகுதிதான். ஆகவே கடைசி வாரத்தின் பெரும்பங்கு நேரத்தை இதற்கே கொடுங்கள். ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதி 1925இல் வெளியான 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலில் ஒரு குறியீடு எப்படிப் பயன்படுகிறது என்று வினா வந்ததாக வைத்துக்கொள்வோம். 'இந்நாவலில் பச்சை விளக்கு முக்கியமான குறியீடு' என்று தொடங்கினால் அதை யாரும் மறுக்கப்போவதில்லை. மறுக்க இடமில்லாத கூற்றை மெய்ப்பிக்கவும் வழியில்லை. முதல் அத்தியாயத்தின் முடிவில் கேட்ஸ்பி இருண்ட நீரை நோக்கிக் கைகளை நீட்டி நடுங்குகிறான். தொலைவில் ஒரு சிறிய பச்சை விளக்கு தெரிகிறது. ஐந்தாம் அத்தியாயத்தில், அவன் காதலிக்கும் டெய்சி அவன் பக்கத்திலேயே நிற்கும்போது, அவள் வீட்டுப் படகுத்துறையில் எரியும் அந்த விளக்கைப் பற்றி அவனே அவளிடம் சொல்கிறான். அவனுடைய மாயப் பொருள்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிட்டதாகக் கதைசொல்லி நிக் எண்ணுகிறான். கடைசிப் பக்கத்தில் அதே விளக்கு, இந்தக் கண்டத்தை முதன்முதலில் கண்ட டச்சு மாலுமிகளின் வியப்போடு இணைக்கப்பட்டு, ஒரு நாடே துரத்தும் எதிர்காலமாக விரிகிறது.

இந்த மூன்று இடங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் மைய வாதம், அதாவது தீசிஸ், தானே எழுகிறது: 'கைக்கு எட்டாதவரை மட்டுமே ஒளிரும் விளக்கின் வழியாக, கேட்ஸ்பி நேசித்தது டெய்சியை அல்ல, அவளை அடையும் ஏக்கத்தையே என்று ஃபிட்ஸ்ஜெரால்டு காட்டுகிறார்.' இதை ஒருவர் மறுக்கலாம். ஆகவே இதை நீங்கள் மெய்ப்பிக்க வேண்டும். அந்த மெய்ப்பித்தலே கட்டுரை. ஒவ்வொரு பத்தியிலும் ஒரு கூற்று, அதற்கு ஒரு குறுகிய மேற்கோள், அந்த மேற்கோளில் உள்ள ஒரு குறிப்பிட்ட சொல்லைப் பற்றிய உங்கள் விளக்கம், மைய வாதத்தோடு இணைப்பு என்ற வரிசை இருக்கட்டும். மேற்கோளை விட விளக்கம் நீளமாக இருக்க வேண்டும். நான்கு வரி மேற்கோளைத் தனியே நிறுத்திவிட்டு அடுத்த கருத்துக்குத் தாவுவதைவிட, நான்கைந்து சொற்களை உங்கள் வாக்கியத்துக்குள்ளேயே பொருத்துவது மிகவும் சிறந்தது. நூலில் நிகழ்பவற்றை நிகழ்காலத்தில் எழுதுவது இங்குள்ள மரபு என்பதையும் மறவாதீர்கள்.

நேரத்தைக் கணக்கிட்டு எழுதிப் பழகுவதற்கு மாற்று எதுவும் இல்லை. கட்டுரைக்கு ஐம்பது நிமிடம் தரப்பட்டால், முதல் எட்டு நிமிடத்தை வினாவைப் பிரித்துப் பார்க்கவும் மேற்கோள்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தவும் ஒதுக்குங்கள். வீட்டில் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, தேர்வு கையால் எழுதப்படுமானால் கையாலேயே, கணினியில் என்றால் கணினியிலேயே எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்வது இருவகையில் கேடு: மதிப்பீட்டாளருக்கு அது பொதுப்படையாகத் தெரியும், பள்ளியின் நேர்மை விதிகளையும் மீறியதாகலாம். நீங்களே எழுதியதை ரூப்ரிக்கோடு ஒப்பிட்டு, ஒரு பத்தியையாவது ஆசிரியரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த நூல்களை நீங்கள் படித்திராவிட்டாலும் உதவ முடியும். பிள்ளையைக் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், ஒவ்வொரு கருத்துக்கும் "அது புத்தகத்தில் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். பக்கத்தைத் திருப்பிக் காட்ட முடிந்தால் அந்தப் பகுதி தயாராகிவிட்டது என்று பொருள். முடியாவிட்டால் எதைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பது இருவருக்குமே தெரிந்துவிடும்.

தேர்வுக்கு முந்தைய நாளும் தேர்வு அறையும்

முந்தைய நாள் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். ஒரு பக்கத் தாள்களை மூடி வைத்து, ஒவ்வொரு படைப்புக்கும் மூன்று மேற்கோள்களை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். சொல் பிசகினால் திருத்திக்கொள்ளுங்கள். நன்றாகத் தூங்குங்கள்.

தாள் கைக்கு வந்ததும் முதலில் கட்டுரை வினாவை வாசித்துவிட்டுப் பிறகு பலவுள் தெரிவுக்குச் செல்லுங்கள். அங்கே தரப்படும் பத்திகளிலேயே கட்டுரைக்குப் பயன்படும் வரிகள் சில சமயம் கிடைக்கும். புதிய பத்தியாக இருந்தால், பத்திக்கு முன் வினாக்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு விடைகள் சரியெனத் தோன்றும்போது, பத்தியில் ஒரு சொல்லின் மேல் விரல் வைத்து எதற்குச் சான்று காட்ட முடிகிறதோ அதைக் குறியுங்கள். கட்டுரை வினாவில் 'ஒப்பிடுக', 'மதிப்பிடுக', 'விளக்குக' என்று எது கேட்கப்பட்டிருக்கிறதோ அதன்கீழ் கோடிட்டு, இரண்டு படைப்புகள் கேட்டிருந்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய சம இடம் கொடுங்கள். நேரம் குறைந்துபோனால் முடிவுரையை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, அந்த நிமிடங்களை இன்னொரு மேற்கோளின் விளக்கத்துக்குக் கொடுப்பதே மேல்.

கடைசி ஐந்து நிமிடத்தில் நூலாசிரியர்கள், பாத்திரங்கள் ஆகியோரின் பெயர்களின் எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள். கையால் எழுதும்போது நாவல், நாடகம் ஆகியவற்றின் தலைப்புகளுக்கு அடிக்கோடும், சிறுகதை, கவிதை ஆகியவற்றின் தலைப்புகளுக்கு மேற்கோள் குறியும் இட்டிருக்கிறீர்களா என்று பார்த்து, விடைத்தாளின் பின்பக்கத்தில் வினா எதுவும் விடுபட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்த பிறகு தாளைக் கொடுங்கள்.